மூக்கோடு வாருங்கள்

வெள்ளைப் பூ பூத்த செடிகள் அத்தனையையும் வெள்ளிக்கிழமைக்குள் கொன்றுவிடச் சொன்னபோது டாக்டர் வேதாந்தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் செடியைக் கொல்வது அன்றாட வேலைதான். மரபணு மாற்றிய செடியை வெளியே எறியக் கூடாது. பையில் கட்டி, ஆட்டோக்ளேவ் என்கிற பெரிய பிரஷர் குக்கரில் வைத்து அவித்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே போகும்போது செடி, வெளியே வரும்போது கீரை மசியல்.

"சனிக்கிழமை பெங்களூர் விதைக் கம்பெனிக்காரா வரா. அவா கேட்டது கருநீலம். இந்தச் சோகை பிடிச்ச செடியெல்லாம் அவா கண்ணுல படப்படாது" என்றார்.

"சார், அதுக்கு வாசனை இருக்கு சார்."

"இருந்தா கிண்டில இருக்கற மிஷின் சொல்லியிருக்குமேம்மா."

"மிஷினுக்குக் காலைல பறிச்ச பூவைத்தான சார் குடுத்தோம்."

"போயிட்டு வா. எனக்கு நாலு மணிக்கு சபா."

மார்கழி மாதம் அது, தொண்ணூற்றெட்டு டிசம்பர். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் மேடை மேடையாகப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் தினமும் மூன்றரைக்கு அடையாறை விட்டுக் கிளம்பிவிடுவார்.

நான் மேகலா. நொச்சிக்குப்பத்திலிருந்து இந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா மீன் விற்கிறாள். இதைக் கேட்டதும் சிலர் முகத்தில் ஓர் இரக்கம் வரும். அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

அந்த வெள்ளைச் செடிகள் எப்படி வந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டூனியா என்று ஒரு பூச்செடி. புனல் மாதிரி வாய் அகன்ற ஊதாப் பூ. பங்களா வாசல்களில் தொட்டியில் நிற்குமே, அதுதான். கம்பெனிக்கு இன்னும் அடர்த்தியான ஊதா வேண்டும், கிட்டத்தட்டக் கறுப்பு. பூவின் நிறத்தைச் செய்ய ஏழெட்டு மரபணுக்கள் வேலை செய்கின்றன. அவற்றுக்கு மேலே ஒன்று இருக்கிறது. ஒழுங்குபடுத்தும் மரபணு என்பார்கள். அது தன் கையால் ஒரு சொட்டு நிறம்கூடச் செய்யாது. மற்றவற்றைத் தட்டி எழுப்பி வேலை வாங்கும், அவ்வளவுதான்.

எங்கள் குப்பத்தில் படகு கரையேறியதும் ஏலம் விடுபவர் வந்து நிற்பார். அவர் வலை இழுப்பதில்லை, கூடை தூக்குவதில்லை. ஆனால் எந்த மீன் ஏற்றுமதி லாரிக்குப் போகும், எது எங்கம்மா தலைக்கு ஏறும் என்பது அவர் வாயில் இருக்கிறது. இந்த மரபணுவும் அப்படித்தான். செடிக்குள் வரும் சரக்கு ஒன்றே ஒன்று, ஃபீனைல்அலனின் என்ற பொருள். அதில் ஒரு பங்கு நிறமாகும், ஒரு பங்கு வாசனையாகும். ஊதாச் செடியில் ஏலக்காரர் கூவிக் கூவிச் சரக்கில் பெரும்பங்கை நிறத்தின் பக்கம் தள்ளிவிடுகிறார். வாசனைக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? இருக்கிற ஏலக்காரர் போதாது என்று இன்னொருவரையும் செடிக்குள் நுழைத்தோம். இரண்டு பேர் கூவினால் நிறம் இரண்டு மடங்காகும் என்பது கணக்கு. பல செடிகளில் கணக்கு பலித்தது. ஆனால் சில செடிகள் வேறு மாதிரி முடிவெடுத்தன. புதியவன் வாயையும் கட்டின, பழையவன் வாயையும் சேர்த்துக் கட்டின. பூ சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. வெளிநாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது, எழுதியிருக்கிறார்கள். எனவே வெள்ளை வந்ததில் யாருக்கும் அதிசயம் இல்லை. தோற்றுப்போன செடிகள் என்று பின்வரிசைக்குத் தள்ளினார்கள்.

ஏலக்காரர் ஊமையானால் கரைக்கு வந்த மீன் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நாள் எல்லோரும் கிளம்பிய பிறகு, தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டோமே என்று கிரீன்ஹவுஸுக்கு ஓடினேன். பொழுது சாய்ந்து, எதிர்ப்பக்கத்துப் புங்கமரம் கறுத்துக்கொண்டிருந்த நேரம். எக்ஸாஸ்ட் ஃபேன் அன்று ஓடவில்லை. கதவைத் திறந்ததும் கிராம்பும் பாதாமும் சேர்த்துத் தட்டின மாதிரி ஒரு வாசனை நெஞ்சில் மோதியது. யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பிறகு ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து முகர்ந்தேன். ஊதாவில் ஒன்றுமில்லை. வெள்ளையில் இருந்தது. வெள்ளையில் மட்டும்.

அடுத்த ஒரு வாரம் வேளை கெட்ட வேளையில் போய் முகர்ந்தேன். காலையில் வெறும் தழை வாசம். மத்தியானமும் அப்படியே. ஐந்தரைக்கு மேல் லேசாகத் தொடங்கும். ஆறுக்கு நிறைந்துவிடும்.

கிண்டியில் இன்னொரு நிலையத்தில் வாசனைப் பொருள்களைப் பிரித்துக் காட்டும் கருவி இருக்கிறது. அதை இயக்குபவர் அஃப்சருன்னிசா மேடம். எங்கள் பூக்களை மூடி இறுக்கிய ஜாடியில் அங்கே அனுப்பினோம். கருவி வரைந்த கோடு கிரிக்கெட் மைதானம் மாதிரி தட்டையாக வந்தது. ஒரு மேடுகூட இல்லை. சாயங்காலப் பூவை வைத்துப் பாருங்கள் மேடம் என்று நானே தொலைபேசியில் கெஞ்சினேன். "ஆறு மணிக்கு மேல மிஷின் ஓட்டணும்னா உங்க சார் கேக்கணும்மா. நீ கேட்டா ஆவாது" என்றார். சார் கேட்க மாட்டார்.

என்னுடன் ஆராய்ச்சி செய்யும் இருவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சுஹாஸ் ஆழ்வார்பேட்டைப் பையன், வாய் நீளம்.

"உன் மூக்கு என்ன மூக்கு மேகலா? சங்கரா, சாளைன்னு மீன்ல ட்ரெயினிங் எடுத்த மூக்கு. அதுக்கு எது பட்டாலும் சென்ட் மாதிரிதான் இருக்கும்."

"உன் மூக்குக்கு ஏசி ரூம்ல சளி புடிச்சு மூணு மாசமாவுது. நீ பேசற."

மாளவிகா சிரித்தாள். யார் பக்கம் சேர்ந்து சிரித்தாள் என்பது புரியவில்லை. அவள் மந்தைவெளி. டிபன் டப்பாவை என் மேஜையில் வைக்காமல் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறவள். மற்றபடி கெட்டவள் இல்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி சாரின் அறைக்குப் போனேன். சுஹாஸ் ஏதோ கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தான்.

"சார், ஒரே ஒரு தடவை சாயங்காலம் வந்து மோந்து பாருங்க."

"மோந்து பாக்கறதா? நாம என்ன நாயாம்மா?"

சுஹாஸ் இருமுவதுபோல் சிரித்தான்.

"காலைல பறிக்கிறதாலதான் சார் மிஷின்ல வரல. நேரத்த மாத்திப் பாக்கலாம்."

"பூவை எப்பம்மா பறிப்பா? பொழுது விடியறச்சே பறிச்சு, ஈரத்துணில சுத்தி வெச்சுக்கணும். அதுதானே முறை? இருவது வருஷமா இந்த லேப்ல அப்படித்தான் பண்ணிண்டிருக்கோம்."

முறை என்ற சொல்தான் என்னை உலுக்கியது. அவர் மேஜை ஓரத்தில் ஒரு சிறிய பித்தளைத் தட்டு இருக்கும். அதில் வீட்டுத் தோட்டத்து நந்தியாவட்டை நாலைந்து, சாமி படத்துக்கு. அதை எடுக்கும்போது கையை முகத்திலிருந்து தள்ளியே பிடிப்பார். சாமிக்கு வைக்கும் பூவை மனிதன் முகர்ந்துவிட்டால் அது எச்சில். எங்கள் தெரு அம்மன் கோயிலிலும் அதே வழக்கம்தான், எனக்குத் தெரியாததில்லை. விடியலில் பறிப்பது, ஈரத்துணியில் சுற்றுவது, மூக்கருகே கொண்டுபோகாமல் இருப்பது எல்லாம் அப்படியே மாறாமல் எங்கள் ஆய்வகத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. பூவைப் பற்றியே இருபது வருஷம் கட்டுரை எழுதியவர் ஒரு பூவைக்கூடக் கையில் எடுத்து முகர்ந்ததில்லை. நானும் எட்டு மாதம் விடியலில் போய் அப்படியேதான் பறித்துக் கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

இதையெல்லாம் மனசுக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"சார், அது சாமிக்குப் பூ பறிக்கிற முறை."

"என்ன?"

"அந்த நேரத்த நம்ம லேப்ல யாரும் சோதிச்சுப் பாத்து வெக்கல. உங்க பூஜை ரூம்லேர்ந்து வந்தது. மோந்து பாக்கக் கூடாதுங்கறதும் அங்கேர்ந்துதான் வந்தது. செடிக்கு அதெல்லாம் தெரியாது சார். அது சாயங்காலம்தான் வாசனை விடும்."

சுஹாஸின் இருமல் நின்றுவிட்டது. சாருடைய காது மடல்கள் சிவந்தன. அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் மோசம்.

"ஆத்துல பூஜை பண்றதுக்கும் எனக்கு சயின்ஸ் தெரியாததுக்கும் முடிச்சுப் போடறே. இல்லையா?"

"நான் அப்படிச் சொல்லல சார்."

"வெள்ளிக்கிழமை அந்தச் செடியெல்லாம் ஆட்டோக்ளேவுக்குப் போகணும். உன் கையால நீயே போடு. போட்டுட்டு வந்து இப்ப பேசினதுக்கு மன்னிப்பு கேளு. முடியாதுன்னா வேற கைடைப் பாத்துக்கோ."

வேறு வழிகாட்டி என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். இவர் விட்ட மாணவியை இந்த ஊரில் இன்னொருவர் எடுக்க மாட்டார்.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் உட்கார்ந்து அரிவாள்மனையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி மூஞ்சி இப்டி கீது? பஸ்ல எவனாவது கைய வெச்சானா?"

சொன்னேன். ஏலக்காரர் கதையாகவே சொன்னேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"செடிதான? ரெண்டு தொட்டிய எத்துக்கினு வந்துரு. இங்க வெச்சா வளராதா?"

"அது வெளிய வரக் கூடாதும்மா. எடுத்தா திருடின்னு எழுதிடுவாங்க. அப்புறம் நான் சொன்ன உண்மையும் திருட்டுச் சரக்கு ஆயிடும்."

"அப்ப மன்னிப்பு கேட்டுட்டு வேலயப் பாரு. கேட்டா நாக்கு தேஞ்சிடுமா?"

"நீங்கள்லாம் கரையிலேர்ந்து படகை எடுக்க மாட்டோம்னு பீச் ரோட்டுல குந்தினீங்களே. போலீஸ் வந்து நின்னானே. அப்ப நீ மன்னிப்பு கேட்டியா?"

அம்மா அரிவாள்மனையை மடக்கினாள்.

"நாங்கோ கும்பலா குந்தனோம்டி. நீ ஒண்டி. கும்பலா குந்தனா அது மறியலு. ஒண்டியா குந்தனா அதுக்குப் பேரு திமிரு."

"திமிருன்னே இருக்கட்டும்."

"பட்டாதான் புத்தி வரும் உனக்கு. சோறு துன்னு மொதல்ல."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கிரீன்ஹவுஸுக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டேன். எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்தேன். வெள்ளைச் செடிகளைப் பின்வரிசையிலிருந்து இழுத்து என்னைச் சுற்றி வைத்துக்கொண்டேன். பூச்சிமருந்து டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவன் சுஹாஸ். கையில் ஆட்டோக்ளேவ் பை. கண்ணாடியைத் தட்டினான்.

"ஏய், என்ன பண்ற? தொற."

"ஆறு மணிக்குத் தொறக்கறேன்."

"சீன் போடாத மேகலா. சார் கேக்கறாரு."

"சாரையும் ஆறு மணிக்கு வரச் சொல்லு. எல்லாரும் மூக்கோட வாங்க."

கொஞ்ச நேரத்தில் சாரே வந்தார். பக்கத்து ஆய்வகங்களிலிருந்து ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கையில் டீயோடு வந்தவர்களும் உண்டு.

"சார், இந்தப் பக்கம் கண்ணாடி ஒண்ணு லூசா இருக்கு. ஒடச்சுடலாம்" என்றான் சுஹாஸ்.

"ஒடச்சா உள்ள இருக்கற மகரந்தம் பூரா வெளில போகும். கொஞ்சமாவது யோசிக்கறியா?" என்று அவன்மேல் விழுந்தார் சார். அந்த விஷயத்தில் அவர் சரியான ஆள்தான். அதை நான் மறுக்க மாட்டேன். பிறகு கதவருகே வந்து என்னிடம் பேசினார். "மேகலா, இது என்ன ஆர்ப்பாட்டம்? இது ஒண்ணும் மீன் மார்க்கெட் இல்லே."

"மீன் மார்க்கெட்டா இருந்தா இந்நேரம் யாராவது மோந்து பாத்திருப்பாங்க சார். மோந்து பாக்காம அங்க யாரும் எதையும் தூக்கிப் போட மாட்டாங்க."

டீக்குடிப்பவர்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. சார் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

"எனக்கு ஆறே காலுக்குக் கச்சேரி."

"பரவால்ல சார். துக்கடாவுக்குப் போயிடலாம்."

அவர் போய்விட்டார். ஆனால் நிலையத்தை விட்டுப் போகவில்லை. அவருடைய வெள்ளை ஃபியட் புங்கமரத்தடியிலேயே நின்றது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரிந்தது.

நாலு மணி சுமாருக்கு மாளவிகா வந்து ஜன்னல் இடுக்கு வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"வேணாம்."

"விஷம் கலக்கலை. குடி."

"குடிச்சா போகணும். உள்ள எங்க போறது?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நிஜமாவே வாசனை இருக்கா?"

"இல்லாமலா இங்க உக்காந்திருக்கேன்?"

"இப்ப வரதா?"

"இப்ப வராது. ஆறுக்கு மேல."

"ஆறுக்கும் வரலைன்னா?"

ஒரு தொட்டியைத் திருப்பி வைத்தேன். அவள் பாட்டிலை ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்தரை ஆயிற்று. ஒரு பூவைக் குனிந்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். வெளிச்சம் மஞ்சளாகி, அப்புறம் சாம்பலாயிற்று. காந்தி நகர்ப் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. மறுபடி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. வேறு பூ, வேறு செடி. மூக்கை இதழுக்குள் அழுத்தினேன். ஈரம் மட்டும் பட்டது.

இத்தனை நாள் முகர்ந்தது எல்லாம் என் ஆசையா? ஃபேனை அணைத்ததால் உள்ளே புழுக்கம் ஏறி, செடி வாடிவிட்டதா? சுஹாஸ் சொன்னதுதான் சரியா? ஆறாக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். சார் கச்சேரிக்குக் கிளம்பும் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு நின்றார். கதவைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆறு மணி என்று நேரம் குறித்தவள் நான். தோற்றால் எல்லார் முன்னாலும் நின்றபடிதான் தோற்க வேண்டும். செடிகளை ஒருமுறை பார்த்தேன். எழுந்து தாழ்ப்பாளை நீக்கினேன்.

கதவு திறந்ததும் முன்னால் நின்ற மாளவிகா ஓரடி பின்வாங்கினாள்.

"ஐயோ" என்றாள்.

"என்ன?"

"என்னவா? உனக்குத் தெரியலையா? தலையைச் சுத்தறது மேகலா!"

டீக்கோஷ்டியில் ஒருவர், "யாரோ பிரியாணிக்குக் கிராம்பு வறுக்கறாங்கப்பா" என்றார். இன்னொருவர், "இல்ல, பாதாம் அல்வா" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மத்தியானத்திலிருந்து அந்தக் காற்றிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வாசனை மெல்ல மெல்ல ஏறும்போதே என் மூக்கும் அதற்குப் பழகிப்போயிருக்கிறது. எங்கள் தெருவில் நெத்திலி காய்வது எங்களுக்குத் தெரியாது, வந்து போகிறவர்களுக்குத்தான் தெரியும். வெளியே வந்து நின்று நாலு மூச்சு விட்டேன். புங்கமரக் காற்று. பிறகு திரும்பினேன். கிராம்பு, பாதாம். அடித்தது. அழுகையும் வந்தது, அதைக் காட்டவில்லை.

சார் அசையாமல் நின்றார். அவர் எந்தப் பூவையும் மூக்கருகே கொண்டுபோகத் தேவையிருக்கவில்லை. பூ அவரிடம் வந்துவிட்டது. ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார் என்று தோன்றியது. எத்தனை நேரம் பிடிக்க முடியும்?

"யார் சென்ட் அடிச்சது?" என்றார்.

"சார்!"

"உள்ள நீ ஒருத்திதான் இருந்தே. ஒரு பாட்டில் அத்தர் போறுமே."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பஸ் பாஸ், சீப்பு, குடை, பாதி தின்ற பொரி உருண்டை. அவ்வளவுதான் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அப்போது மாளவிகா துப்பட்டாவை எடுத்துத் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டாள்.

"சுஹாஸ், ஒவ்வொரு பூவாப் பறிச்சு என் மூக்குக்கு நேரா பிடி. எந்தக் கலர்னு சொல்லாதே. சென்ட் அடிச்சிருந்தா எல்லாத்துலயும்தானே இருக்கும்?"

"உங்கம்மா பாத்தா?" என்றான் அவன்.

"எங்கம்மா சாமி பூவைத்தான் மோந்து பாக்கக் கூடாதும்பா. இது கம்பெனிப் பூ. பிடிடா."

அவளை வாசலுக்கு வெளியே, காற்றுப் படும் இடத்தில் நிறுத்தினார்கள். பறித்த பூவை அந்த நிலையத்து வளாகத்துக்குள்தானே வைத்திருக்கிறோம், முடிந்ததும் அவித்துவிடலாம் என்று சார் ஒரு விதிமுறையை முணுமுணுத்தார். சுஹாஸ் ஓர் ஊதாவை நீட்டினான்.

"ஒண்ணுமில்லை."

வெள்ளை.

"இருக்கு."

ஊதா. "இல்லை." மறுபடி அதே ஊதாவைத் திருப்பிப் பிடித்தான்.

"இல்லை. டேய், அதையே திருப்பித் திருப்பிக் குடுக்காதே, காம்பு ஒடஞ்சிருக்கு, கன்னத்துல குத்தறது."

கூட்டம் சிரித்தது. சுஹாஸின் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஐந்தாறு பூவுக்கு அப்புறம் அவனே ஒரு வெள்ளையை எடுத்து, யாரும் சொல்லாமல், தன் மூக்கில் வைத்துக்கொண்டான். சளி மூக்குக்குக்கூட எட்டியது போலிருக்கிறது.

"சார்," என்றான். பூவை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

சார் என் பக்கம் வந்தார்.

"சரி. செடி இருக்கட்டும். ஆனா அன்னிக்கு என் ரூம்ல பேசினதுக்கு நீ மன்னிப்பு கேக்கணும். இப்பவே. இல்லேன்னா ப்ராஜெக்ட்டை சுஹாஸ் பாத்துப்பான்."

மூன்று நாளாக நான் பயந்தது இதற்குத்தான். செடி பிழைத்துவிட்டது, ஆனால் என் கையை விட்டுப் போகப் பார்த்தது. கேட்டுவிட்டால் முடிந்தது. அம்மா சொன்ன மாதிரி நாக்கு தேயாது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"கேக்கறேன் சார். நான் சொன்னதுல எது தப்புன்னு மட்டும் சொல்லுங்க."

"என்னது?"

"விடியக்காலம் பறிக்கிறது சோதிச்சு வெச்ச நேரம்னா, அந்தச் சோதனையக் காட்டுங்க, மன்னிப்பு கேக்கறேன். இந்தப் பூவ நீங்க என்னிக்காவது ஒரு தடவை மோந்து பாத்ததுண்டுன்னு சொல்லுங்க, அதுக்கும் கேக்கறேன். இல்ல, சாமி கும்புடறத நான் கேலி பண்ணேன்னு நெனச்சீங்கன்னா, அது இல்ல. எங்கம்மாவும் கும்புடறா. அம்மனுக்கு எப்படிப் பறிக்கணும்னு அவளுக்குத் தெரியும். மிஷினுக்கு எப்படிப் பறிக்கணும்னு நமக்குத்தான் தெரியல."

சாருக்குப் பின்னால் ஒருவர் டீ உறிஞ்சிய சத்தம் கேட்டது. சார் அங்கவஸ்திரத்தின் முனையை விரலில் சுற்றினார், பிரித்தார். கடைசியில் சுஹாஸிடம் திரும்பினார்.

"அஃப்சருன்னிசாவுக்கு ஃபோன் பண்ணு. இன்னிக்குச் சாயங்காலச் சாம்பிள் வரது, மிஷினை ஆஃப் பண்ணாதேன்னு நான் சொன்னதாச் சொல்லு."

"யாரு எடுத்துண்டு போறது சார்?"

அவர் என்னைப் பார்க்காமலே, "யாரோட ப்ராஜெக்ட்டோ அவாதான்" என்றார். ஃபியட்டை நோக்கி நடந்தவர் பாதியில் நின்றார். "மன்னிப்பு பாக்கி இருக்கு மேகலா. நான் மறக்க மாட்டேன்."

"நானும் மறக்க மாட்டேன் சார்."

"அந்த வெள்ளையெல்லாம் பின்வரிசைலயே இருக்கட்டும். நாளைக்கு அவா கண்ணுல படப்படாது."

கார் போனது. கூட்டம் கலைந்தது. நான் முதலில் ஓடியது கழிப்பறைக்கு. திரும்பி வந்தபோது மாளவிகா கண்ணாடி ஜாடியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். ஈரத்துணி இல்லாமல், பூவைத் தனியாகப் பறிக்காமல் கிளையோடு வெட்டி ஜாடிக்குள் நிறுத்தினோம். வெள்ளை ஒரு ஜாடி, ஊதா ஒரு ஜாடி. மூடியை இறுக்கினேன்.

"கிண்டிக்கு நானும் வரேன். ரெண்டு ஜாடியை ஒருத்தி பஸ்ல எப்படிப் பிடிச்சுப்பே?" என்றாள்.

"கொஞ்சம் இரு."

ஒரு வெள்ளைத் தொட்டியைத் தூக்கிக் கதவுக்கு நேரே, முன்வரிசையில் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

"சார் என்ன சொன்னார் இப்ப?"

"கேட்டுது. அவங்க நாளைக்கு எத்தனை மணிக்கு வராங்க?"

"நாலு மணிக்கு."

"நாலு மணிக்கு இதுல ஒண்ணும் இருக்காது. ரெண்டு மணி நேரம் அவங்கள இங்கயே நிறுத்தி வெக்கணும்."

மாளவிகா குனிந்து இரண்டாவது தொட்டியைத் தூக்கினாள்.

"அதுக்கு நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். கருநீலத்தைப் பத்தி சார் பேச ஆரம்பிச்சா ஆறரை ஆயிடும். இதை எங்க வெக்கறது, இந்த ஓரமா?"

"நடுவுல" என்றேன்.